பெயரில் மட்டும் பெண்கள்: வீட்டில் அடிபடும் ஆணுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

1994 செப்டம்பர் 13 அன்று பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் 'பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வக்கீல்கள் அதை 'வாவா' என்பார்கள். தமிழ்க் காதுக்கு யாரோ வாசலில் நின்று 'வா, வா' என்று கூப்பிடுவதுபோல இருக்கும். கூப்பிடுவது தன்னை அல்ல என்றுதான் ஆண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெயர்ப்பலகையிலேயே 'பெண்கள்' என்று எழுதியிருந்தால் வேறெப்படி நினைப்பார்கள்?

பலகையைத் தாண்டி உள்ளே போனால் விஷயம் வேறு. அடிபட்டவர் யார் தயவும் இல்லாமல் தானே கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம் என்று சொல்லும் பிரிவில் இருக்கும் சொல் 'ஸ்பௌஸ்'. கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான சொல். தமிழில் 'வாழ்க்கைத் துணை' என்று கல்யாணப் பத்திரிகையில் எழுதுவோமே தவிர, பேச்சில் அதற்கு ஒரு சொல் நம்மிடம் இல்லை. சட்டத்துக்கு அந்தச் சொல் போதும். கணவன் அடித்தால் மனைவியும், மனைவி அடித்தால் கணவனும் ஒரே படிவத்தில், ஒரே விதிப்படி மனுப் போடலாம். பின்னர் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இந்தச் சட்டம் தரும் உதவிகளையும் சேவைகளையும் பெற ஆண்களுக்குத் தடை எதுவும் இல்லை என்று தனியாக ஒரு வரியே சேர்த்தார்கள். அப்படி ஒரு வரி எழுத வேண்டி வந்ததிலிருந்தே தெரியும், பெயர் எவ்வளவு குழப்பியிருக்கிறது என்று.

ஆக, ஆணுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு வரை நடந்துபோகத் தேவைப்படும் காகிதங்கள் பெரும்பாலான ஆண்களிடம் இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் என்பது என் எண்ணம். அதற்கு முன், குடியேற்றச் சட்டம் ஏன் வீட்டுச் சண்டைக்குள் தலையிட வேண்டி வந்தது என்று பார்த்துவிடலாம்.

யார் கையில் கயிறு?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் தன் துணைக்காக ஐ-130 என்ற மனுவைப் போடுவார். மனு அவருடையது. போட்டதுபோலவே திரும்பப் பெறவும் அவரால் முடியும். ஒரு கடிதம் போதும். துணையாக வந்தவர் அந்த நாட்டில் இருப்பதே அந்த மனுவை நம்பித்தான் என்றால், வீட்டில் என்ன நடந்தாலும் கயிறு ஸ்பான்சர் கையில்.

1986இல் போலிக் கல்யாணங்களைத் தடுக்க என்று ஒரு சட்டம் வந்து கயிற்றை இன்னும் இறுக்கியது. கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால் அது 'நிபந்தனை' கார்டுதான். இரண்டு ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவில் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரமாகும். அடிப்பவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டிய நிலை. நான்கே ஆண்டில் தவறு உறைத்தது. 1990இல், அடி அல்லது கடும் கொடுமைக்கு ஆளானவர் துணையின் கையெழுத்து இல்லாமலேயே தனியாக ஐ-751 போடலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே நிபந்தனை கார்டு வாங்கியவர்களுக்கு மட்டும். ஐ-130ஐயே போடாமல் இழுத்தடிப்பவர், போட்டுவிட்டுத் திரும்பப் பெறுபவர் ஆகியோரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி 1994இல்தான் வந்தது. அதன் பெயர் 'சுய மனு', படிவம் ஐ-360. கட்டணம் கிடையாது.

இந்தக் கயிற்றுக்கு ஆண், பெண் தெரியாது. காகிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கை ஓங்கும். நம் ஊரில் சொத்து யார் பெயரில் என்று கேட்பதைப் போல, அங்கே ஸ்டேட்டஸ் யார் பெயரில் என்று கேட்க வேண்டும். ஆறடி உயரமுள்ள ஆண், ஐந்தடி மனைவிக்கு ஏன் பயப்படுகிறார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

எண்ணிக்கையில் ஆண்கள் அப்படியொன்றும் அரிதல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் நடத்திய தேசிய ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது துணையிடமிருந்து பாலியல் வல்லுறவு, உடல் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்ததாகச் சொன்ன பெண்கள் 35.6 சதவீதம், ஆண்கள் 28.5 சதவீதம். கடுமையான உடல் வன்முறை என்று வரும்போது இடைவெளி பெரிதாகிறது: பெண்கள் 24.3, ஆண்கள் 13.8. 'ஆண்களுக்கும் சமமாகத்தான்' என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்கள் இரண்டாவது கணக்கை விட்டுவிடுகிறார்கள். 'ஆணை யார் அடிப்பார்கள்' என்று சிரிப்பவர்கள் இரண்டு கணக்கையுமே பார்ப்பதில்லை.

என்ன செய்தால் கொடுமை?

சட்டம் கேட்பது இரண்டில் ஒன்று: உடல் தாக்குதல் அல்லது 'கடும் கொடுமை'. இந்த இரண்டாவதுதான் ஆண்களின் மனுக்களில் அதிகம் உதவக்கூடியது. எலும்பு முறிய வேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றில்லை. மிரட்டல், அடைத்து வைத்தல், பாலியல் வற்புறுத்தல், மனரீதியான சித்திரவதை எல்லாம் விதியில் வருகின்றன. தனியாகப் பார்த்தால் வன்முறையாகத் தெரியாத செயல்கூட ஒரு தொடர்ச்சியின் கண்ணியாக இருந்தால் கணக்கில் சேரும்.

குடியேறிய கணவர்கள் விஷயத்தில் அந்தத் தொடர்ச்சி பெரும்பாலும் இப்படி இருக்கும். பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94இன் பிரதியும் மனைவியின் லாக்கரில். சம்பளம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு மனைவியிடம் மட்டும். ஊருக்கு அம்மாவிடம் பேசினால் போன் பறக்கும். அப்புறம் அந்த மூன்று மிரட்டல்கள்: 'பெட்டிஷனை வாபஸ் வாங்குவேன்', 'ஐஸுக்குப் போன் பண்ணுவேன்' (ஐஸ் என்பது நாடுகடத்தும் குடியேற்றப் போலீஸ்), 'நீ அடித்தாய் என்று 911க்குச் சொல்வேன், போலீஸ் யாரை நம்பும் பார்க்கலாம்'. கடைசி மிரட்டல் பெரும்பாலும் ஆணுக்கென்றே வைத்தது. அதற்குத் தனியாக வருகிறேன்.

கொடுமை தவிர நிரூபிக்க வேண்டியவை சில உண்டு. கொடுமை செய்தவர் அமெரிக்கக் குடிமகளாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். கல்யாணம் காகிதத்துக்காகச் செய்ததல்ல, வாழத்தான் செய்தது என்று காட்ட வேண்டும். அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போடுபவர் நன்னடத்தை உள்ளவர் என்பதற்கு, பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டுகளுக்குப் போலீஸ் சான்று கேட்பார்கள். விவாகரத்து ஆகிவிட்டாலும் பரவாயில்லை. கொடுமைக்கும் விவாகரத்துக்கும் தொடர்பு இருந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட்டால் செல்லும். அந்த இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிடுவதும், மனு ஏற்கப்படுவதற்கு முன்பே மறுமணம் செய்துகொள்வதும் நல்ல வழக்கைக்கூடக் கெடுத்துவிடும். ஊரில் அப்பா அம்மா 'நடந்தது நடந்துபோச்சு, இந்த ஜாதகம் பொருந்தியிருக்கு' என்று அவசரப்படுத்தும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

குக்கர் மூடி

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூர்க்காரர். மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர், டல்லாஸ் பக்கம் வேலை. குடியுரிமை வாங்கிய தமிழ்ப் பெண்ணோடு கல்யாணம். ஐ-130 போட்டாயிற்று. ஓராண்டு கழித்து அவர் ஒரு வக்கீலின் மேசையில் உட்கார்ந்து தன் வாக்குமூலத்தை எழுதுகிறார். இந்த மனுவின் முதுகெலும்பே மனுதாரர் தன் கைப்பட எழுதித் தரும் வாக்குமூலம்தான்.

முதல் வரைவு இப்படி இருக்கும்: 'என் மனைவி என்னை உடலாலும் மனதாலும் மிகவும் கொடுமைப்படுத்தினார். நான் கடுமையான மன உளைச்சலுக்கு ஆளானேன்.' வக்கீல் அதைத் திருப்பித் தந்துவிடுவார். இதில் பொய் இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை. அதிகாரி தினமும் படிக்கும் வரிகள் இவை.

நான்காவது வரைவு இப்படி வரும்: 'மார்ச் மாதம், சனிக்கிழமை இரவு. அரிசி களைந்துகொண்டே அம்மாவிடம் போனில் பேசினேன். எவ்வளவு நேரம் பேசுவாய் என்று கேட்டு, மேடையில் கிடந்த குக்கர் மூடியை எடுத்து எறிந்தார். இடது புருவத்துக்கு மேல் பட்டது. அம்மா லைனில் இருந்ததால் சத்தம் போடவில்லை. சாதம் வைத்துவிட்டுத்தான் வெளியே போனேன். இரவு காரிலேயே படுத்தேன். திங்கள்கிழமை ஆபீஸில் கேட்டார்கள், அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றேன்.'

அடிபட்ட பிறகும் சாதம் வைத்துவிட்டுப் போனேன் என்ற அந்த வரியை யாரும் சொல்லிக்கொடுத்து எழுத முடியாது. நடந்திருந்தால்தான் வரும். அதோடு, அந்தப் பத்தி சாட்சிகளையும் கையோடு கூட்டிவருகிறது. புருவத்தைப் பார்த்துக் கேட்ட சக ஊழியர். லைனில் இருந்த அம்மா. இரவு இரண்டு மணிக்கு அக்காவுக்கு அனுப்பிய 'ஒண்ணுமில்லக்கா, தூக்கம் வரல' என்ற வாட்ஸ்அப். அன்றிரவு போன் எங்கே இருந்தது என்று காட்டும் மேப் பதிவு.

இதெல்லாம் ஆதாரமா என்று கேட்கலாம். ஆம். இந்த மனுக்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் 'நம்பத்தக்க எந்த ஆதாரமும்' என்பது. போலீஸ் ரிப்போர்ட் கட்டாயம் இல்லை, மருத்துவச் சான்று கட்டாயம் இல்லை. இருப்பதைக் கொடு, பார்த்து எடைபோடுகிறோம் என்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு ரசீது இருக்காது என்று தெரிந்தே வைத்த அளவுகோல் இது. ஆனால் 'எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்' என்பது 'எதைக் கொடுத்தாலும் நம்புவோம்' ஆகாது. எவ்வளவு எடை என்று முடிவுசெய்வது அதிகாரிதான்.

இங்கேதான் ஆண்கள் சறுக்குகிறார்கள். பெண்கள் பலரிடமும் அழுதிருப்பார்கள். தோழிக்கு, அக்காவுக்கு, கோயிலில் பார்த்த மாமிக்குக்கூட ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆண் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். டாக்டரிடம் 'கீழே விழுந்துவிட்டேன்' என்றிருப்பார். அந்தப் பொய்யே மருத்துவக் குறிப்பில் ஏறி, பின்னால் அவருக்கே எதிராக நிற்கும். கவுன்சலிங் போயிருக்க மாட்டார். போட்டோ எடுத்திருக்க மாட்டார். எடுத்திருந்தாலும் வெட்கப்பட்டு அழித்திருப்பார். 'பொண்டாட்டிகிட்ட அடிவாங்கினவன்' என்று நம் பட்டிமன்றங்களிலும் காமெடிக் காட்சிகளிலும் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்? அந்தச் சிரிப்புக்குப் பயந்து அழித்த போட்டோதான் அவருடைய வழக்கில் இல்லாமல் போகும் ஆதாரம்.

அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் ஒரு மனநல நிபுணரிடம் முதலில் அனுப்புவார்கள். அவர் எழுதும் மதிப்பீடு ஆதாரமாகும் என்பது ஒரு பக்கம். முதல்முறையாக ஒரு மனிதரிடம் வாய்திறந்து சொல்லிப் பழகுவதும் அங்கேதான் நடக்கும். வாட்ஸ்அப் செய்திகளைப் பொறுத்தவரை இன்னொன்று: தமிழில் இருந்தாலும் தங்கிலீஷில் இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும், மொழிபெயர்த்தவர் இரண்டு மொழியும் தெரியும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'செத்துத் தொலை' என்பது கோபத்தில் சொன்னதா, நிஜமாகவே மிரட்டியதா என்று மொழிபெயர்ப்பில் தெரியாது. முன்னும் பின்னும் வந்த செய்திகளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் தெரியும்.

911க்குப் போன் போட்டது யார்?

அந்த மூன்றாவது மிரட்டலுக்கு வருவோம். அமெரிக்காவில் பல மாநிலங்களில், குடும்ப வன்முறைப் புகார் என்று போலீஸ் வீட்டுக்கு வந்தால் யாரையாவது கைதுசெய்தே ஆக வேண்டும் என்றோ, கைதுசெய்வதே விரும்பத்தக்கது என்றோ விதி இருக்கிறது. 'முதன்மைத் தாக்குதலாளர்' யார் என்று அங்கேயே கண்டுபிடிக்கச் சொல்கிறது சட்டம். தடுக்கும்போது மனைவியின் கையைப் பிடித்ததில் பட்ட நகக்கீறல், உடைந்த கண்ணாடி, தடுமாறும் ஆங்கிலம், பெரிய உருவம். இரவு பதினொரு மணிக்கு ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டிய போலீஸ்காரர் யாரைக் கூட்டிப்போவார் என்று ஊகிக்கலாம். போன் போட்டவரே விலங்கோடு போவதும் நடக்கும்.

குடிமகனுக்கு அது ஒரு கெட்ட இரவு. விசாவில் இருப்பவருக்கு அதோடு முடியாது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெறுவதும், நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறியதாக முடிவாவதும் நாடுகடத்தலுக்குத் தனிக் காரணங்கள். 'சின்ன வழக்குதான், ஒத்துக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்' என்று கிரிமினல் வக்கீல் சொல்லும் யோசனை குடியேற்றத்தில் குழிபறிக்கும். கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அவ்வளவாக யாரும் பேசாத விலக்கு. தண்டனை பெற்றவரே உண்மையில் பாதிக்கப்பட்டவராக இருந்து, அந்த உறவில் வன்முறையின் முதன்மைக் காரணராக அவர் இல்லை என்று காட்ட முடிந்தால், தற்காப்புக்காகச் செய்தது போன்ற சூழல்களில் நாடுகடத்தல் காரணத்தைத் தள்ளுபடி செய்யலாம். கணவனைத் திருப்பி அடித்ததற்காகக் கைதான பெண்களை மனதில் வைத்து வந்த விலக்கு. ஆனால் அதை இன்று மிகத் தேவைப்படுகிறவர்களில் இந்தக் கணவர்களும் உண்டு.

வெளியே வந்தால் எங்கே தங்குவது? காப்பகங்கள் பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே வளர்ந்தவை. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தச் சட்டத்தின் கீழ் நிதி வாங்கும் அமைப்புகள் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. தனித்தனியாக நடத்தத்தான் வேண்டும் என்றால் இன்னொரு பாலினத்தாருக்கும் இணையான சேவை தர வேண்டும். டல்லாஸில் 'த ஃபேமிலி பிளேஸ்' என்ற அமைப்பு 2017இல் ஆண்களுக்கென்று தனிக் காப்பகம் திறந்தது. பல ஊர்களில் இன்றும் ஆணுக்குக் கிடைப்பது ஹோட்டல் கூப்பன்தான். அல்லது, நம் கதையில் வந்ததுபோல, சொந்தக் காரின் பின்சீட்.

'அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?'

வக்கீலிடம் வரும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. பதில்: அரசு சொல்லாது. 1996இல் வந்த ரகசியக் காப்பு விதிப்படி, இப்படி ஒரு மனு இருக்கிறது என்பதையே அதிகாரிகள் மனைவியிடமோ வேறு யாரிடமோ சொல்லக் கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். கொடுமை செய்தவர் தரும் தகவலை மட்டும் வைத்து மனுதாரருக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது. படிவத்தில் வீட்டு முகவரிக்குப் பதிலாகப் பாதுகாப்பான வேறு முகவரி தரலாம், நண்பர் வீடாகவும் இருக்கலாம், வக்கீல் ஆபீஸாகவும் இருக்கலாம். யூஎஸ்சிஐஎஸ் என்று குடியேற்றத் துறையின் பெயர் அச்சிட்ட உறை தவறான தபால்பெட்டியில் விழுவதுதான் நிஜ ஆபத்து.

இந்த ரகசியத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மை அல்ல. குற்றம் சாட்டப்படும் அமெரிக்கத் துணைக்கு இந்த மனுவில் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. 'கார்டுக்காகக் கல்யாணம் செய்துவிட்டு என்மேல் பழிபோட்டுவிட்டார்' என்று புகார் சொல்லும் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களில் உண்மையாகவே ஏமாந்தவர்களும் இருப்பார்கள். சமீப ஆண்டுகளில் மனுக்கள் வெகுவாகப் பெருகியதும், அதில் ஆண்களின் பங்கு கூடியதும் அரசின் சந்தேகப் பார்வையைக் கூர்மையாக்கியிருக்கின்றன. போலிக் கல்யாணத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறையோ 2,50,000 டாலர் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பிறகு எந்த உறவின் பேரிலும் கிரீன் கார்டு மனு ஏறாது. 'வாவா போட்டால் சுலபமாகக் கிடைக்கும், கதை நாங்கள் எழுதித் தருகிறோம்' என்று வலைவிரிக்கும் ஏஜென்டுகளிடம் போகிறவர் தன்னை மட்டுமல்ல, அடுத்து நிஜமாக அடிபட்டு வருகிற ஆணையும் சேர்த்துத்தான் கெடுக்கிறார். அதிகாரி ஏற்கெனவே புருவத்தை உயர்த்திக்கொண்டுதான் அந்தக் கோப்பைத் திறப்பார்.

மனுப் போட்ட பிறகு பெரும்பகுதி காத்திருப்பு. மேலோட்டமாகப் பார்த்துத் தகுதி தெரிந்தால் ஒரு முதற்கட்டக் கடிதம் வரும். சில அரசு உதவிகளுக்கு அது பயன்படும். முழு முடிவுக்கு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி குடிமகள் என்றால், கணவர் ஐ-360ஓடு சேர்த்தே கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485ஐயும் போடலாம். வரிசை கிடையாது. மனைவி கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் விசா எண் வரும் வரை வரிசையில் நிற்க வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் வேலை அனுமதி உண்டு. நாடுகடத்தல் வழக்கில் ஏற்கெனவே மாட்டியவர் நீதிபதி முன்பே நிவாரணம் கேட்கலாம். அதற்கு மூன்று ஆண்டு தொடர்ச்சியாக அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும்.

எச்-4 கணவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் மனைவி குடிமகளாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால். அமெரிக்கத் தமிழர்களில் ஏராளமானோர் இரண்டும் இல்லை, எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள். மனைவிக்கு எச்-1பி, கணவருக்குத் துணை விசாவான எச்-4 என்று வந்த குடும்பங்கள் இன்று சாதாரணம். அங்கே மனைவி கொடுமை செய்தால் சுய மனு கிடையாது. மனைவிக்கே நிரந்தர இடம் இல்லாதபோது அவர் வழியாகக் கணவருக்கு எப்படித் தருவது என்பது சட்டத்தின் வாதம்.

அவர்களுக்கு இருப்பது ஒரு சின்ன ஜன்னல். ஏ, ஈ-3, ஜி, எச் என்ற தற்காலிக விசா வகைகளில் இருப்பவர்களின் துணை கொடுமைக்கு ஆளானால், ஐ-765வி என்ற படிவத்தில் வேலை அனுமதி மட்டும் கேட்கலாம். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இது இருந்தது. படிவம் வந்ததோ 2017இல். சட்டத்தில் எழுதிய உரிமை படிவமாக மாறப் பத்து ஆண்டுக்கு மேல் ஆன கதை அது. இரண்டு ஆண்டுக்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கிடைக்கும். கிரீன் கார்டுக்கு அது வழி அல்ல. மாணவரின் துணையான எஃப்-2க்கு இதுவும் இல்லை.

யாருடைய துணையாக இருந்தாலும், ஏன், கல்யாணமே ஆகாமல் இருந்தாலும், போகக்கூடிய வேறு வழி யூ விசா. குடும்ப வன்முறை உட்படச் சில குற்றங்களுக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவியவர்களுக்கு அது. போலீஸோ அரசு வக்கீலோ ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் காத்திருப்பு மிக நீளம். போலீஸிடமே போகாத ஆணுக்கு அந்தச் சான்று எங்கிருந்து வரும் என்ற பழைய கேள்வி இங்கேயும் நிற்கிறது.

ஆண் என்றால் கணவர் மட்டுமல்ல. 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணங்களை மத்திய அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு, ஆணை மணந்த ஆண்களுக்கும் இந்தச் சுய மனு உரிமை வந்தது. இன்னொரு கூட்டம், நம்மவர்களுக்கு நெருக்கமானது: அப்பாக்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த மகனோ மகளோ கொடுமை செய்தால், கூடவே வாழ்ந்த பெற்றோர் சுய மனுப் போடலாம் என்பதும் அதே 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து, பாஸ்போர்ட்டை மகன் வாங்கி வைத்துக்கொண்டு, காரும் இல்லாமல், ஓட்டவும் தெரியாமல், நாலு சுவருக்குள் கிடக்கும் தாத்தாக்கள் தங்களைக் 'குடும்ப வன்முறைக்கு ஆளானவர்' என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். 'பையனுக்கு வேலை டென்ஷன்' என்பார்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சட்ட அறிவும் ஒரு தடை. இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டம், 2005, பாதிக்கப்பட்டவர் என்றால் 'எந்தப் பெண்ணும்' என்றே வரையறுக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் கொடுமையைக் காரணம் காட்டி ஆண் விவாகரத்து கேட்கலாம், அவ்வளவுதான். பாதுகாப்பு உத்தரவு கேட்க முடியாது. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, இன்னொரு நாட்டில் 'பெண்கள்' என்று பெயர் வைத்த சட்டம் தன்னையும் சேர்க்கும் என்று தோன்றாது. அதே 2005இல் வந்த இலங்கைச் சட்டம் ஆண் பெண் பார்க்கவில்லை, பாதிக்கப்பட்ட 'ஆள்' என்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்கும் தஞ்சாவூரிலிருந்து போனவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பாடம் வேறு.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தர உரிமையோ உள்ளவரின் துணை, வன்முறையால் உறவு முறிந்தால் நேரடியாக நிரந்தரத் தங்குரிமைக்கே விண்ணப்பிக்கலாம். அதுவரை மூன்று மாதம் அரசு உதவியோடு இருக்க ஒரு சலுகை உண்டு. கனடா 2012இல் கொண்டுவந்த இரண்டு ஆண்டு நிபந்தனையை 2017இல் கைவிட்டது. 2019 ஜூலை முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கட்டணமில்லாத் தற்காலிக அனுமதி தருகிறது. இரண்டிலும் விதியில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. 24 மணி நேரமும் இயங்கும், ஆண்களிடமும் பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மனைவி பார்க்கும் போன் பில்லில் இந்த எண் வரக் கூடாது என்றால், ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடலாம். பாஸ்போர்ட், ஐ-94, கல்யாணச் சான்று மூன்றையும் போட்டோ எடுத்து, மனைவிக்குப் பாஸ்வேர்டு தெரியாத ஒரு புது இமெயிலுக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடலாம். அடிபட்ட புருவத்தின் போட்டோ இருந்தால் அதையும் அங்கேயே அனுப்ப வேண்டும்.